ஸ்டெப்னி இல்லாத போர்ஷேவில் பின் டயர் போனால்

போர்ஷே 718 கேமன் மாதிரி வண்டிகளில் ஸ்டெப்னி கிடையாது, ஜாக்கியும் கிடையாது. முன்பக்கம் இருக்கும் சாமான் பெட்டியில் ஒரு பாட்டில் சீலன்ட் (டயர் ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் திரவம்), சின்னதாக ஒரு கம்ப்ரசர், வண்டியை இழுக்கப் பூட்டும் கொக்கி, சக்கரத்தின் பூட்டு போல்ட்டைக் கழற்றும் லாக் போல்ட் சாவி, அவ்வளவுதான். பி.எம்.டபிள்யூ எம் வரிசை வண்டிகள் பலவற்றிலும் இதே நிலைமைதான். சட்டப்படி இதில் தவறு எதுவும் இல்லை. 2020-ல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்த சென்சாரும் பழுது பார்க்கும் கிட்டும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். ஆனால் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், ஆம்பூர் தாண்டி, இருட்டும் நேரத்தில் தனியாக நிற்கும்போது சட்டம் சோறு போடாது. என் 718-ன் டயரில் ஏறிய ஒரு இரும்புத் துண்டினால் அந்த மாலை முழுக்கப் போனது. பிறகு வண்டி ஒரு வாரத்துக்கும் மேல் நகராமல் நின்றது. ரெக்கவரி வண்டிக்கும் டயருக்கும் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் செலவு. இதில் எது தவிர்க்கக்கூடியது, எது தவிர்க்க முடியாதது என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அந்த இரவின் பயத்தில் பாதி இருந்திருக்காது. அதனால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் வருவது டாஷ்போர்டில் எச்சரிக்கை. அப்போது பார்க்க வேண்டியது எந்த டயர் என்பதை மட்டுமல்ல, எண் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதையும்தான். 2.3 பாரில் இருந்து 2.1-க்கு வந்து அங்கேயே தயங்குகிறது என்றால் ஆணி உள்ளே அடைத்துக்கொண்டு நிற்கிறது, மெதுவாகக் கசிகிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்துக்கொண்டு அடுத்த டோல்கேட் வரைக்கும், இல்லை வெளிச்சமான பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்விடலாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே 1.8, 1.5 என்று விழுகிறது என்றால் உடனே இடப்பக்கம் ஒதுங்க வேண்டியதுதான். (பஞ்சர் கடைகளில் பவுண்டுக் கணக்கில்தான் பேசுவார்கள். 1 பார் என்பது 14.5 பவுண்டு.) பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலே வண்டி அடங்கிவிடும்.

இந்த அவசரத்துக்குக் காரணம் டயரின் பக்கச்சுவர். 265/35 அளவு டயரில் (265 மில்லிமீட்டர் அகலம், சுவரின் உயரம் அதில் 35 சதவீதம்) ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இருப்பது 9 சென்டிமீட்டர் சொச்சம் ரப்பர்தான். சாதாரண 195/60 டயரில் அது கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர். காற்று போனதும் ரிம்மின் விளிம்பு அந்தச் சுவரை ஒவ்வொரு சுற்றிலும் நசுக்குகிறது. உள்சுவர் உராய்ந்து கரும்பொடியாக உதிர்கிறது. அப்படி ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் சரிசெய்யக்கூடிய பஞ்சரும் சரிசெய்ய முடியாத டயராகிவிடும். அதற்காகப் பாலத்தின் மேலோ வளைவிலோ நிறுத்தச் சொல்லவில்லை. அங்கே நிற்பது உயிருக்கு ஆபத்து என்றால் நடை வேகத்தில் நூறு இருநூறு மீட்டர் உருட்டுங்கள். டயர் போனால் போகட்டும்.

எனக்குப் போனது வலப்பக்கப் பின் டயர். நம் ஊரில் ஓரம் ஒதுங்குவது இடப்பக்கம் என்பதால், வலப்பக்க டயரைப் பார்க்க வேண்டுமென்றால் லாரிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிய வேண்டும். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் வண்டியே ஆடியது. அப்போது வந்த பயம் சாதாரணமானதில்லை. அந்த நிலைமையில் எதையும் கழற்றவோ குனிந்து பார்க்கவோ கூடாது. ஹசார்டு விளக்கைப் போட்டு, முக்கோண எச்சரிக்கைப் பலகையைப் பின்னால் நூறு மீட்டராவது தள்ளி வைத்துவிட்டு, தடுப்புக் கம்பிக்கு அந்தப்பக்கம் போய் நின்று 1033-க்குப் போன் செய்யுங்கள். அது தேசிய நெடுஞ்சாலை உதவி எண், 24 மணி நேரமும் இயங்கும். ரோந்து வண்டி வந்தால் பின்னால் கூம்பு வைத்துப் பாதுகாப்பாக நிற்கும். கிரேன் கொண்டுவருகிறோம் என்று சொன்னால் மட்டும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டி இழுத்தால் பின்சக்கரத்தில் ஓடும் வண்டியின் கியர்பாக்ஸும் பம்பரும் சேர்ந்து போகும். உங்களுக்கு வேண்டியது வெளிச்சமும் காவலும்தான்.

பாதுகாப்பான இடம் கிடைத்த பிறகு ஓட்டை எங்கே என்று தேடுங்கள். முன்டயர் மிதித்து நிமிர்த்திவிடும் ஆணி பின்டயரில் செங்குத்தாக ஏறும். அதனால்தான் பின்டயர்களில் பஞ்சர் அதிகம். செல்போன் விளக்கைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் உலோகம் மின்னும். இடம் தெரிந்ததும் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள், ஆணியைப் பிடுங்காதீர்கள். அது இருக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம். தரையில் படும் பட்டையின் நடுப்பகுதியில், அதாவது அகலத்தில் நடு முக்கால் பங்குக்குள், 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஓட்டை என்றால் உள்ளிருந்து ஒட்டிச் சரிசெய்ய வழியுண்டு. பட்டை மடங்கிப் பக்கச்சுவராகத் திரும்பும் தோள்பகுதியில் இருந்தால் வழியில்லை. வண்டி ஓடும்போது அந்த இடம் ஓயாமல் வளைந்து நிமிரும், எந்த ஒட்டும் அங்கே நிற்காது.

எனக்கு இருந்தது தோளில். ஆனாலும் கையில் இருந்த சீலன்ட் பாட்டிலைப் பயன்படுத்தினேன், வேறு எதுவும் கையில் இல்லை. பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். சில கிட்களில் வால்வின் உள்ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயை மாட்டிப் பாட்டிலைப் பிழிந்து, திரும்ப ஊசியைப் பூட்டிக் காற்றடிக்க வேண்டும். வேறு சிலவற்றில் பாட்டிலைக் கம்ப்ரசரிலேயே மாட்டுவார்கள், காற்றே திரவத்தைத் தள்ளும். இந்த இரண்டாவது வகையில் முதல் அரை நிமிடம் மீட்டர் 5, 6 பார் என்று காட்டும். பதற வேண்டாம், திரவம் வால்வைக் கடக்கும் அழுத்தம் அது, பிறகு இறங்கிவிடும். பேட்டரி போகாமல் இருக்க எஞ்சின் ஓடட்டும். கம்ப்ரசரைத் தொடர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், சூடாகிக் கருகும். டயரில் காற்று தங்கினால் உடனே புறப்பட்டு 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்ட வேண்டும், டயர் சுழன்றால்தான் திரவம் ஓட்டையைத் தேடிப் போய் அடைக்கும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி அளந்து பாருங்கள். 1.5 பாருக்குக் கீழே இருந்தால் சீலன்ட் வேலை செய்யவில்லை, அதற்கு மேல் ஓட்டக்கூடாது. எனக்கு அந்தக் கட்டமே வரவில்லை. ஆணியைச் சுற்றி வெள்ளை நுரை குமிழிட்டு வெளியே வந்துகொண்டே இருந்தது, மீட்டர் முள் ஒன்றைத் தாண்டவில்லை. அந்த நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சீலன்ட் பற்றி இன்னும் இரண்டு விஷயம். பாட்டிலில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் நான்கு வருடக் கணக்கு. பழைய வண்டி வாங்கியவர்கள் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அடுத்து, சீலன்ட் போன டயரின் உள்ளே பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். பல கடைகளில் அதைச் சுத்தம் செய்து பேட்ச் ஒட்ட மாட்டேன் என்பார்கள். காற்றழுத்த சென்சாரின் துளையும் அடைபடலாம், அப்போது சென்சார் செலவும் சேரும். அதனால் ஓட்டை பட்டையின் நடுவில் என்றால் நான் முதலில் கையில் எடுப்பது, ஓட்டைக்குள் ரப்பர் துண்டைச் செருகி அடைக்கும் பஞ்சர் ஸ்ட்ரிப் கிட்தான், சீலன்ட் அதற்கு அடுத்ததுதான்.

ஸ்ட்ரிப் போட ஜாக்கியே வேண்டாம். முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் பட்டை வெளியே தெரியும். பின்சக்கரம் திரும்பாது, அதனால் ஆணி சக்கரத்தின் பின்பக்கம், முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி வண்டியை ஒரு கால் சுற்று, அரைச் சுற்று உருட்டி நிறுத்த வேண்டும். மேலே நின்றால் சக்கர வளைவுக்குள் கை போகாது. ஸ்ட்ரிப்பை ஊசியில் கோத்துப் பசை தடவித் தயாராக வைத்துவிட்டு, ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்து இடுக்கியால் பிடுங்குங்கள். அதே சாய்வில் ராவுக்கம்பியை விட்டு நாலைந்து முறை மேலும் கீழும் இழுத்து, ஊசியை அழுத்தி, வெளியே ஒன்றரை சென்டிமீட்டர் நிற்கும்போது திருகாமல் வெடுக்கென்று இழுங்கள். ஸ்ட்ரிப் உள்ளே தங்கிவிடும். மிச்சத்தை நறுக்கி, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இது வீடு சேர்வதற்கு மட்டும். ராவுக்கம்பி உள்ளே இருக்கும் எஃகு இழைகளை அறுத்துவிடுகிறது, அந்த வழியாகத் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். மணிக்கு 300 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று ஒய் முத்திரை பதித்த டயரில் ஸ்ட்ரிப் போட்டுவிட்டு அதை மறந்துவிடுவது ஆபத்து. ஊருக்கு வந்ததும் டயரைக் கழற்றி, உள்ளே பார்த்து, காளான் வடிவ பேட்ச்சை உள்ளிருந்து ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகும் பழைய வேகத்துக்கு அந்த டயரை நம்பக்கூடாது என்பது என் கருத்து. சத்தம் குறைக்க உள்ளே நுரைப் பட்டை ஒட்டிய டயர் என்றால், அந்த இடத்து நுரையை வெட்டி எடுத்துவிட்டுத்தான் பேட்ச் ஒட்ட முடியும். கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ரோந்து வண்டிக்காரர் பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிவந்தார். லாரி டயரைத் தனியாளாகக் கழற்றி மாட்டுகிற கை அது. வண்டியைச் சுற்றிவந்தவர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டெப்னி எங்க தம்பி?" இல்லை என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய ஜாக்கியைத் தரையோடு தரையாக இறக்கி வைத்தும் வண்டிக்கு அடியில் போகவில்லை. "அண்ணே, அடிப்பக்கம் எங்க வேணும்னாலும் வைக்காதீங்க, பிளாஸ்டிக் உடைஞ்சிடும்" என்றேன். "தெரியாம கை வைக்க மாட்டேன் தம்பி, நீங்க வண்டிய ஏத்திட்டுப் போயிடுங்க" என்றார். அந்த நிதானம்தான் அன்றைக்கு மேற்கொண்டு சேதமில்லாமல் காப்பாற்றியது.

இந்த வண்டிகளைத் தூக்குவது தனி வேலை. சாதாரண ட்ராலி ஜாக்கியின் குறைந்தபட்ச உயரம் 13, 14 சென்டிமீட்டர். காற்றில்லாத டயரோடு நிற்கும் வண்டிக்கு அடியில் அது நுழையாது. 8, 9 சென்டிமீட்டருக்கு இறங்கும் தாழ்வான ஜாக்கி வேண்டும், இல்லையென்றால் நான்கு சென்டிமீட்டர் கனமுள்ள மரப்பலகையில் சக்கரத்தை ஏற்றி இடைவெளி உண்டாக்க வேண்டும். கதவுக்குக் கீழே கையேட்டில் குறித்துள்ள புள்ளிகளில் மட்டும், ரப்பர் கட்டை வைத்துத்தான் தூக்க வேண்டும். அடுத்த சங்கடம் போல்ட். நம்மூர் வண்டிகள் பலவற்றில் சக்கரம் பூட்டும் ஹப்பில் திருகு நீட்டிக்கொண்டிருக்கும், சக்கரம் அதில் தொங்கும், நட்டு போட்டு முடுக்குவோம். ஜெர்மன் வண்டிகளில் நீட்டிய திருகு இல்லை. கடைசி போல்ட்டைக் கழற்றியதும் சக்கரம் நழுவி பிரேக் டிஸ்க்கின் மேல் இடிக்கும். செராமிக் டிஸ்க் என்றால் விளிம்பு சிதறும், அதன் விலைக்குச் சின்னக் காரே வாங்கலாம். ஒரு போல்ட்டைக் கழற்றிய துளையில் வழிகாட்டிக் கம்பி ஒன்றைத் திருகிவிட்டால் சக்கரம் அதில் தாங்கும். போர்ஷேவுக்கு எம்14, 1.5 புரி. விலை சில நூறு ரூபாய். நடுவில் ஒரே பெரிய நட்டு உள்ள ஜிடி3 வகை வண்டிகளை ரோட்டில் வைத்துத் தொடவே வேண்டாம், அந்த நட்டுக்கு 600 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும்.

ஆக மிச்சம் ரெக்கவரி வண்டி. இதற்குப் போன் செய்யும்போது "டோயிங் வேணும்" என்று மட்டும் சொன்னால் கொக்கி வண்டிதான் வரும். முழு வண்டியும் மேலே ஏறும் ஃப்ளாட்பெட் வேண்டும், படுக்கை தரை வரைக்கும் சாய வேண்டும், பலகை கொண்டு வர வேண்டும், வண்டி மிகத் தாழ்வானது என்று நான்கையும் சொல்லிவிட்டு, முடிந்தால் வருகிற வண்டியின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு முதலில் வந்தது பொருந்தாத வண்டி. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்தது வரும்வரை காத்திருந்த நேரம்தான் அன்று வீணானதில் பெரும்பகுதி. ஏற்றும்போது சாய்தளத்தின் தொடக்கத்தில் பலகை அடுக்கி முன்பம்பர் உரசாமல் பார்க்க வேண்டும். இழுப்புக் கொக்கியைப் பம்பர் மூடிக்குப் பின்னால் உள்ள துளையில் கடைசிப் புரி வரை திருகுங்கள். சில கம்பெனி வண்டிகளில் அது இடது புரி, வலப்பக்கம் திருகினால் ஏறாது, பலவந்தம் செய்யாதீர்கள். வின்ச் இழுப்பதற்குமுன் கியரை நியூட்ரலில் போட்டு, எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் விடுபட்டதா என்று உறுதிசெய்யுங்கள். மேலே ஏறியபின் பட்டையை டயர்களைச் சுற்றித்தான் கட்ட வேண்டும். சஸ்பென்ஷன் கைகளில் மாட்டி இறுக்கினால் அலைன்மென்ட் போகும். ஏற்றும் முன்பும் இறக்கிய பின்பும் நான்கு பக்கமும் படமெடுத்து வையுங்கள். இதற்குக் கொடுத்தது இருபதாயிரத்தை ஒட்டி. இன்சூரன்ஸில் சாலையோர உதவி எடுத்திருப்பவர்கள் அதில் ஃப்ளாட்பெட் உண்டா, எத்தனை கிலோமீட்டர் வரை என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் கடையில் டயரைக் கழற்றியபோது உள்ளே சீலன்ட் குழம்போடு கொஞ்சம் கரும்பொடியும் கிடந்தது. தோளில் ஓட்டை, சுவரும் உரசியிருக்கிறது, பேச்சுக்கே இடமில்லை. அங்கிருந்துதான் அலைச்சல். இந்த வண்டியில் முன்னால் 235/35, பின்னால் 265/35, இரண்டும் 20 அங்குல ரிம். முன்பின் மாற்றிப் போடவும் முடியாது. போர்ஷே ஒப்புதல் பெற்ற டயரின் சுவரில் என்0, என்1 என்று முத்திரை இருக்கும். பி.எம்.டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்.ஓ. அதே பெயர், அதே அளவு, ஆனால் முத்திரை இல்லாத டயரின் கட்டுமானம் வேறாக இருக்கும், ஒரே அச்சில் இரண்டையும் கலக்கக்கூடாது. 2020 ஜூனில் வெளிநாட்டு டயர் இறக்குமதியை அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் இந்த மாதிரி அளவுகளை உள்ளூர்க் கடைகள் இருப்பில் வைப்பது அபூர்வம். வேறு ஊரிலிருந்து வரும்வரை வண்டி லிஃப்டிலேயே நின்றது. வந்ததும் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். ரொம்பப் பழையது என்றால் தயங்காமல் திருப்பிவிடுங்கள்.

ஒன்று போதுமே, எதற்கு இரண்டு என்று தோன்றும். ஒரே அச்சில் உள்ள இரண்டு டயர்களின் தேய்மான வித்தியாசம் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது போர்ஷே. எட்டு மில்லிமீட்டர் புதுடயருக்குப் பக்கத்தில் நான்கு மில்லிமீட்டர் பழசு இருந்தால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். இரண்டு சக்கரங்களின் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் அது ஓயாமல் உராய்ந்துகொண்டே இருக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் இன்னும் மோசம், சிலவற்றில் நான்கையும் மாற்றச் சொல்வார்கள். பின்னால் இரண்டும் மாற்றியதில் லட்சத்தை நெருங்கியது. சாதாரண இன்சூரன்ஸில் டயர் மட்டும் போனால் பைசா வராது. விபத்தில் வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான், அதுவும் டயர் விலையில் பாதிதான் கணக்கு. டயருக்குத் தனி இணைப்புக் காப்பு இருக்கிறது. 19, 20 அங்குல ரிம் வைத்திருப்பவர்கள் அதை எடுக்கத் தயங்கக்கூடாது. வாங்கும் முன் எந்தெந்தச் சேதத்துக்குப் பணம் தருவார்கள் என்று படித்துப் பாருங்கள், வெறும் பஞ்சர் ஒட்டும் செலவு பொதுவாக அதில் வராது.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும் தகட்டை வால்வுக்குப் பக்கத்தில் அழுத்தினால் சென்சார் உடையும், ரிம்மில் இரும்பு லீவர் போட்டு நெம்பினால் விளிம்பு கீறும். லீவர் இல்லாத இயந்திரம் வைத்திருக்கும் கடைக்கு இரண்டு மூன்று ஆயிரம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. "அவுட்சைட்" என்று எழுதிய பக்கம் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். ஏர்கன் வைத்து போல்ட்டை முடுக்க விடாதீர்கள். எல்லாவற்றையும் கையால் ஏற்றி, நட்சத்திர வரிசையில் இரண்டு கட்டமாக முடுக்கி, சக்கரம் தரையில் அமர்ந்தபின், முறுக்கை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சில் முடிக்க வேண்டும். 718-க்கு 160 நியூட்டன் மீட்டர், பி.எம்.டபிள்யூவில் பெரும்பாலானவற்றுக்கு 140, கோல்ஃப் ஜிடிஐக்கு 120. போர்ஷே போல்ட்டின் அடி உருண்டை, பி.எம்.டபிள்யூவுடையது கூம்பு. புரி ஏறுகிறதே என்று அடி வடிவம் மாறிய போல்ட்டைப் போட்டால் உட்காராமல் தளரும். லாக் போல்ட் சாவி திரும்பப் பெட்டிக்கு வந்ததா என்று கடையை விட்டு நகரும் முன்பே பாருங்கள், சர்வீஸ் விட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். அது கடையில் தங்கிவிட்டால் அடுத்த பஞ்சரில் எந்தக் கருவி இருந்தும் சக்கரம் கழலாது.

ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் டயர் ஆறியிருக்கும்போது போல்ட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்சில் சரிபாருங்கள். காற்றழுத்த மெனுவில் புது டயரைத் தேர்வு செய்தால்தான் சென்சார்கள் மறுபடி பழகும், அதுவரை எண்கள் காட்டாது. புது ரப்பரின் மேற்பரப்பு வழுக்கும். முதல் இருநூறு கிலோமீட்டர் வரை, முக்கியமாக மழையில், வளைவுகளில் பழைய பிடிமானத்தை எதிர்பார்த்து ஓட்டாதீர்கள்.